திரவப் பளிங்கியல் வரலாற்றிற் சிவராமகிருஷ்ண சந்திரசேகர்

புத்தளக் களப்பைச் சூழ்ந்து வாழும் மக்களுக்குப் பளிங்கு என்பது ஏட்டிற் படித்து மட்டும் அறியவேண்டிய பொருளன்று. பாலாவி முதலிய இடங்களின் உப்பளப் பாத்திகளில் ஞாயிற்றின் வெம்மையால் நீர் வற்றுந்தோறும், சதுர முகங்களையுடைய உப்புப் பளிங்குகள் தாமே உருக்கொள்வதை எத்தாளை முதற் புத்தளம் வரையுள்ள கரையோரச் சிறுவருங் கண்டிருத்தல் கூடும். அவ்வுப்பை மீண்டும் நீரிலிட்டாற் பளிங்கின் ஒழுங்கு முற்றாகக் குலைந்து மறைகின்றது. நீரின்றி வெப்பத்தால் உருக்கினாலும் முடிவு அதுவே. 801 பாகை செல்சியசு வரையிற் கட்டுக்குலையாது நிற்கும் உப்பு, அவ்வெல்லையைக் கடந்ததும் ஒழுங்கு சிறிதுமில்லாத திரவமாகிவிடும். ஒன்றில் ஒழுங்கமைந்த திண்மம், அன்றேல் ஒழுங்கற்ற திரவம். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு நிலை உண்டென்று எண்ண இக்காட்சி இடந்தருவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிற் பௌதிக நூல்களும் இவ்வாறே போதித்து வந்தன.

இப்போதனையை முதலில் அசைத்தவர் பௌதிக அறிஞர் அல்லர், தாவரவியலார் ஒருவரேயாவர். பிராகு நகரிற் பணியாற்றிய ஒஸ்திரிய அறிஞர் பிரெடரிக் றைனிற்சர், கரற் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த கொலெஸ்தரோலின் சேர்வைகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் ஒன்றாகிய கொலெஸ்தரைல் பென்சோவேற்று இரண்டு உருகுநிலைகளைக் காட்டுவதை 1888ஆம் ஆண்டிற் கண்டார். 145.5 பாகையில் அது கலங்கிய திரவமாயிற்று, 178.5 பாகையில் அக்கலக்கம் நீங்கித் தெளிந்தது. இதன் பொருள் யாதெனத் துணிய மாட்டாத றைனிற்சர், செருமானியப் பௌதிக அறிஞரான ஒட்டோ லேமனுக்கு அப்பொருளை அனுப்பினார். வெப்பமூட்டுந் தட்டுப் பொருந்திய முனைவாக்க நுணுக்குக்காட்டி ஒன்றைத் தாமே ஆக்கி வைத்திருந்த லேமன், கலங்கிய அத்திரவம் பளிங்கைப் போலவே ஒளியை இருகூறாக முறிப்பதைக் கண்டு, 1889இல் ‘பாயும் பளிங்குகள்’ என்னுங் கருத்தை வெளியிட்டார். பாய்வது எங்ஙனம் பளிங்காகும் என்ற கேள்வி எழாமலில்லை. குஸ்தாவ் தம்மான் போன்ற பெரும் இரசாயன அறிஞர், இது தூய பொருளன்று, நன்கு கலவாத இருபொருட் குழம்பே எனப் பல்லாண்டு வாதிட்டனர். அவ்வாதம் ஓய்வதற்கு ஒரு தலைமுறை சென்றது. 1922இற் பிரெஞ்சு அறிஞர் ஜோர்ஜ் பிரீடெல், இந்நிலைகளை மூன்றாக வகுத்துப் பெயரிட்டபின் திரவப் பளிங்கு தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது.

அம்மூன்றையும் எளிய உவமைகளால் விளக்கலாம். தென்னை ஈர்க்குக் கட்டிலுள்ள ஈர்க்குகள் யாவும் ஒரே திசையை நோக்கினும், அவை முன்பின்னாக நழுவக்கூடியன. மூலக்கூறுகள் இவ்வாறு நிற்பது நூலுருநிலை. அவை திசையொத்து நிற்பதோடு, ஒன்றின்மேல் ஒன்று விரித்த பாய்கள் போலப் படைபடையாகவும் அமையுமாயின் அது சவர்க்காரநிலை. ஈரச் சவர்க்காரத்தின் வழுவழுப்புக்கு ஏது இத்தகைய படையமைப்பே. மூன்றாவதாகிய கொலெஸ்தெரிக்கு நிலையில், மூலக்கூறுகளின் திசை சுழற்படிக்கட்டின் படிகளைப் போலச் சிறிது சிறிதாகத் திரும்பிச் செல்லும். மூன்றிற்கும் பொதுவானது ஒன்று: மூலக்கூறு ஈர்க்கைப் போல நீண்டிருத்தல் வேண்டும் என்பது. ஹாலே நகரில் தானியேல் வோர்லாண்டர் தம் மாணவருடன் நூற்றுக்கணக்கான சேர்வைகளை ஆக்கிக் கண்ட விதி இது. இலையைப் போலத் தட்டையான மூலக்கூறுகளும் ஒருவேளை இந்நிலையை அடையுமோ என வோர்லாண்டரே 1920களில் வினவியதுண்டு. எனினும் அவர் ஆராய்ந்தவற்றுள் அவ்வாறு ஒன்றும் அகப்படவில்லை. கிடைக்காத பொருள் நாளடைவில் இல்லாத பொருளாக எண்ணப்பட்டது. கோலுருவே திரவப் பளிங்கின் முதல் இலக்கணம் என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மறுப்பாரின்றி நிலவியது.

இவ்விலக்கணத்தை மாற்றியமைத்த ஆய்வு 1977ஆம் ஆண்டிற் பெங்களூரில் நிகழ்ந்தது. அதனைத் தலைமைதாங்கி நடத்தியவர் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகர்.

அவர் 1930ஆம் ஆண்டு ஓகஸ்டு 6ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். அன்னையார் சீதாலட்சுமி, சேர் சி. வி. இராமனின் உடன்பிறந்தவர். அண்ணன் இராமசேஷன் பளிங்கமைப்பியலிற் பெயர்பெற்றவர். தம்பி பஞ்சரத்தினம் 1956இல், தம் இருபத்திரண்டாம் வயதில், முனைவாக்கிய ஒளி பற்றி எழுதிய கட்டுரையிற் கண்டுரைத்த உண்மை, முப்பது ஆண்டுகளின் பின்னரே கேத்திரகணித அவத்தை என்ற பெயரால் உலகறிந்ததாயிற்று. 1969இல், முப்பத்தைந்து வயதில், அவர் ஒக்ஸ்போர்டிற் காலமானார். பெயரொற்றுமையால் நேரும் மயக்கம் ஒன்றையும் ஈண்டு நீக்குதல் தகும். விண்மீன்களின் அமைப்பை ஆராய்ந்து 1983இல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், இராமனின் தமையனார் மகன். திரவப் பளிங்காராய்ந்த சந்திரசேகர், தங்கையார் மகன். இருவரும் ‘எஸ். சந்திரசேகர்’ என்றே ஒப்பமிட்டனர். இருவரும் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவராயினர். இருவரும் அச்சங்கத்தின் றோயல் பதக்கத்தையும் பெற்றனர், முன்னவர் 1962இல், பின்னவர் 1994இல். நூலகப் பட்டியல்களில் ஒருவர் கட்டுரை மற்றவர் பெயரின்கீழ் இடம்பெறின் அது வியப்பன்று.

இத்தகைய குடும்பத்திற் பிறந்தமை பேறு என்பதில் ஐயமில்லை, அது சுமையுமாகும். நாக்பூர்ப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்ற சந்திரசேகர், மாமனார் 1948இற் பெங்களூரில் நிறுவிய இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு தொடங்கினார். படிகக்கல் முதலிய பளிங்குகள் முனைவாக்கிய ஒளியின் தளத்தைத் திருப்பும் இயல்பே அவர் எடுத்துக்கொண்ட பொருள். 1954இல் அதற்காக நாக்பூர்ப் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அதன்பின் 1851ஆம் ஆண்டுப் பொருட்காட்சிப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று, கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் இரண்டாவது கலாநிதிப் பட்டத்துக்காகப் பளிங்குகளில் ஊடுகதிரும் நியூத்திரன்களும் சிதறும்போது நேரும் வலுக்குறைவை ஆராய்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் றோயல் நிறுவனத்திலும் சிலகாலம் பணியாற்றினார். இதுவரை அவர் செய்தன யாவும் திண்மப் பளிங்குகள் பற்றியனவே. ஒளியின் தளத் திருப்பமும் ஊடுகதிர்ச் சிதறலும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். பின்னர் அவை ஒரே இடத்திற் சந்தித்த விதம் இவ்வரலாற்றின் சுவையான பகுதிகளுள் ஒன்றாகும்.

1961இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் மானசகங்கோத்திரி வளாகத்தில் அமைத்த பௌதிகவியற் பகுதிக்கு முதல் தலைவராகச் சந்திரசேகர் அழைக்கப்பட்டார். மேனாட்டில் இருக்கக்கூடிய ஒருவர், ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பகுதியைத் தொடங்க இசைந்தார் என்பது சிறிய செய்தியன்று. பஞ்சரத்தினமும் அங்கே 1964 வரை அவருடன் பணிபுரிந்தார். புதிய பகுதிக்கு எந்த ஆய்வுத்துறை ஏற்றது? அணுக்கருப் பௌதிகமும் திண்மநிலைப் பௌதிகமும் அன்று செல்வாக்குடன் விளங்கின. ஆனால் அவற்றிற்கு வேண்டிய பொறிகளும் பொருளும் மைசூருக்கு எட்டாதவை. திரவப் பளிங்கோ அன்று பலராலும் கைவிடப்பட்ட துறை. இரண்டாம் உலகப் போரின்பின் அதனை நாடியவர் மிகச் சிலர். 1958இல் பிரிஸ்டலில் சார்ள்ஸ் பிராங்க் அதன் மீள்தன்மைக் கோட்பாட்டைத் திருத்தி அமைத்தமையும், 1962இல் ஹல் நகரின் ஜோர்ஜ் கிரே அதன் மூலக்கூற்றமைப்புப் பற்றி நூலெழுதியமையும் புத்துயிர்ப்பின் தொடக்கங்கள்; மணிக்கூட்டிலும் கணிபொறியிலும் திரவப் பளிங்கு புகும் என்று எவரும் அப்போது கனவிலும் கருதவில்லை. ஒரு முனைவாக்க நுணுக்குக்காட்டி, வெப்பத்தை அளவாகக் காக்கும் ஓர் அடுப்பு, தூய பொருள், பொறுமை ஆகியவை இருப்பின் இத்துறையிற் புதியன காணலாம். சந்திரசேகர் அதனைத் தேர்ந்தமை வசதியின்மையாற் பிறந்த முடிவு மட்டுமன்று. பளிங்கொளியியலிற் பெற்ற பயிற்சிக்கு ஏற்ற களம் இதுவே என்ற தெளிவும் அதனுள் இருந்தது.

கொலெஸ்தெரிக்குத் திரவங்கள் அத்தெளிவுக்குச் சான்று. படிகக்கல் ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் சோடியம் மஞ்சளொளியின் தளத்தை ஏறத்தாழ 21.7 பாகை திருப்பும். கொலெஸ்தெரிக்குத் திரவமோ அதே தடிப்பில் ஆயிரக்கணக்கான பாகைகள் திருப்பவல்லது. அன்றியும் குறித்த ஒரு நிறத்தை மட்டும் பளிச்சென்று தெறித்துக் காட்டும். இதற்குக் காரணம் யாது? சுழற்படிபோல் அமைந்த படைகளில் ஒளி மீண்டும் மீண்டும் தெறிக்கின்றது. ஊடுகதிர் பளிங்கின் அணுத்தளங்களில் தெறிப்பதும் அவ்வாறேயாம். ஊடுகதிருக்காக சி. ஜி. டார்வின் அமைத்த இயக்கக் கோட்பாட்டைச் சந்திரசேகரும் அவர் மாணவர் சீனிவாசராவும் கொலெஸ்தெரிக்கு நிலைக்குப் பொருத்தி, 1968இல் அதன் ஒளியியல்பை விளக்கினர். நாக்பூர்ப் பட்டத்தின் பொருளும் கேம்பிரிட்ஜ்ப் பட்டத்தின் பொருளும் மைசூரில் இவ்வாறு ஒன்றாயின. நூலுருநிலையின் புள்ளிவிவரக் கோட்பாட்டை மதுசூதனனோடும், உருகுதலின் கோட்பாட்டைச் சசிதரனோடும் அவர் விரித்தமையும் அக்காலத்தனவே. பகட்டில்லாத இப்பணிக்கு 1972இற் பட்நாகர் பரிசு கிடைத்தது.

இதற்கிடையில் 1970 நவம்பரில் இராமன் காலமானார். அரசினர் பொருளுதவியை நாடாது தம் நிலையத்தை நடத்தியவர் அவர். அவருக்குப்பின் அது 1972இல் அரசினர் நிதிபெறும் தன்னாட்சி நிறுவனமாயிற்று. அவர் மைந்தரும் வானொலி வானியலாருமான இராதாகிருஷ்ணன் இயக்குநரானார். 1971இல் அந்நிலையத்திற்கு வந்த சந்திரசேகர், திரவப் பளிங்கு ஆய்வுகூடம் ஒன்றை அங்கே நிறுவினார். மைசூர் மாணவர் சிலரும் உடன் சேர்ந்தனர். ஆனால் இவ்வாய்வுகூடத்தில் மைசூரில் இல்லாத ஒன்று இருந்தது. பௌதிகத்தாரோடு ஒரே கூரையின்கீழ் இரசாயனத்தாரும் அமர்ந்தனர். பிறர் ஆக்கிய பொருளை வாங்கி அளப்பவன், பிறர் எண்ணிய வினாவுக்கே விடை காண்பான். தானே மூலக்கூற்றை வகுக்கவல்லவனுக்குத் தன் வினாவை எழுப்பும் உரிமை உண்டு. சந்திரசேகரின் முடிபுகளுள் இதுவே பெரும்பயன் தந்தது எனத் துணிந்து கூறலாம்.

அவ்வினா வோர்லாண்டர் கைவிட்டதே: மூலக்கூறு ஈர்க்காக அன்றி வட்டமான காசாக இருந்தால் என்னாகும்? கோட்பாட்டின் கணிதம் கோலுக்கென்று தனியே எழுதப்பட்டதன்று. திசையொப்புமை வட்டுகளுக்கும் இயலும். 1965இல் அவுஸ்திரேலியாவிற் புரூக்ஸ், டெயிலர் என்னும் இருவர், நிலக்கரித் தார் கரியாக மாறும் வழியில் தட்டை மூலக்கூறுகள் அணிவகுக்கும் ஓர் இடைநிலையைக் கண்டிருந்தனர். ஆயினும் அது பலபொருட் கலவை, சூடாக்கச் சூடாக்க மாறிச் செல்வது. தூய தனிப்பொருளொன்றில், மீண்டும் மீண்டும் வந்துபோகக்கூடிய நிலையாக, எவரும் அதனைக் கண்டிலர். தட்டை மூலக்கூறு மட்டும் இருப்பின், அது ஒன்றில் உறுதியான பளிங்காய் நிற்கும், அன்றேல் நேரே திரவமாகும். அதன் விளிம்பைச் சுற்றி நெகிழ்ந்த ஐதரோகாபன் சங்கிலிகளைப் பொருத்தினால், நடுவிலுள்ள வட்டுகள் ஒன்றையொன்று பற்றி நிற்க, விளிம்புகள் முன்னதாகவே உருகிவிடும். பென்சீன் வளையத்தின் ஆறு மூலைகளிலும் ஆறு கொழுப்பமிலச் சங்கிலிகளைப் பிணைத்த எசுத்தர்களை இரசாயன அறிஞர் சதாசிவ ஆக்கினார். சுரேசு உடனிருந்து ஆராய்ந்தார்.

எதிர்பார்த்தது நிகழ்ந்தது. ஏழு காபன் சங்கிலியையுடைய எசுத்தர், 80 பாகையை அடுத்துத் தொடங்கும் குறுகிய வெப்பநிலை வீச்சில், பளிங்குமாகாது தெளிந்த திரவமுமாகாது நின்றது. வீச்சோ சில பாகைகள்தாம்; கவனமின்றிச் சூடாக்குவோன் கண்ணுக்கு அது தப்பிவிடும். ஊடுகதிர்ப் படம் உள்ளமைப்பைக் காட்டியது. வட்டுகள் காசடுக்குகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண்களாக அடுக்கப்பட்டிருந்தன. தூண்கள் தேனடைக் கண்களைப் போல அறுகோண ஒழுங்கில் நின்றன. தூணின் உள்ளே வட்டுக்கும் வட்டுக்கும் இடைவெளி ஒழுங்கற்றது. ஆகவே தூணின் நெடுக்கே அது திரவம். தூண்களின் குறுக்கே அது பளிங்கு. பிரீடெலின் மூன்று வகைகளுள் எதனுள்ளும் இது அடங்காது.

கட்டுரை ‘வட்டுருவ மூலக்கூறுகளின் திரவப் பளிங்குகள்’ என்னும் பொருள்பட்ட தலைப்புடன் 1977இற் ‘பிரமாணா’ இதழின் ஒன்பதாம் தொகுதியிற் பத்துப் பக்கங்களில் வெளிவந்தது. பிரமாணா, இராமன் 1934இல் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகம் 1973இற் பிற அமைப்புகளின் துணையோடு தொடங்கிய பௌதிக இதழ். அன்று அதற்கு வயது நான்கு. மேனாட்டு இதழ் ஏற்றுக்கொண்டாலன்றி ஆய்வு ஆய்வாகாது என்னும் மனநிலை கீழைநாடுகளிற் பரவியிருந்த காலம் அது. இன்றும் அது நீங்கியது என்பதற்கில்லை. தலைமைக் கண்டுபிடிப்பொன்றை உள்நாட்டுப் புதிய இதழுக்கு அளிப்பதில் இடரும் உண்டு: படிப்பார் குறைவாயின் முதன்மை உரிமையே பறிபோகும். இராமனும் 1928இல் தம் ஒளிச்சிதறற் கண்டுபிடிப்பின் விரிவுரையைக் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த இந்திய பௌதிக இதழிலேயே பதிப்பித்தார் என்பது நினைக்கத்தக்கது. எனினும் அவர் சுருக்கக் குறிப்பை இலண்டன் ‘நேச்சர்’ இதழுக்கும் அனுப்பியிருந்தார். மருமகனாரின் கட்டுரை பிரமாணாவை மட்டும் நம்பி உலகிற் புகுந்தது; புகுந்து தோற்கவில்லை. அடுத்த ஆண்டே பிரெஞ்சு ஆய்வாளர் திரிபெனிலீன் என்னும் வேறொரு தட்டைக் கருவைக் கொண்டு இவ்வகைப் பொருள்களை ஆக்கினர். ஆயிரக்கணக்கான வட்டுருச் சேர்வைகள் பின்னர் தோன்றின. இந்திய இதழ்களில் வெளிவந்தவற்றுள் மிகுதியாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளில் ஒன்றாக அப்பத்துப் பக்கங்கள் எண்ணப்படுகின்றன. நல்ல இதழ் இருந்தால் நல்ல கட்டுரை வரும் என்று காத்திருப்போர், முறை இதற்கு மறுதலை என்பதை இந்நிகழ்ச்சியாற் காணலாம்.

உலகம் பெங்களூரை நோக்குதற்கு வேறு வழிகளும் அமைக்கப்பட்டன. 1973 திசெம்பரிலும் 1979 திசெம்பரிலும் அனைத்துலகத் திரவப் பளிங்கு மாநாடுகள் அங்கே கூடின. முன்னதன் கட்டுரைகள் பிரமாணாவின் துணைத்தொகுதியாகவே அச்சாயின. 1977இற் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட சந்திரசேகரின் ‘திரவப் பளிங்குகள்’ என்ற நூல், 1974இல் வெளிவந்த பிரெஞ்சு அறிஞர் டி ஜென்னின் நூலோடு இணைத்தெண்ணப்படுவது. உருசிய மொழியிலும் யப்பானிய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. வட்டுருநிலைக்கு விரிவான இடமளித்து 1992இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. டி ஜென் 1991இல் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரைக்கு ‘மென்சடப்பொருள்’ எனத் தலைப்பிட்டார். திரவப் பளிங்கு, பல்பகுதியம், சவர்க்காரப் படலம் என்று சிதறிக்கிடந்தவை ஒரு பெயரின்கீழ் ஒரு துறையாகத் திரண்டது அக்காலத்திலேயே. 1990இல் தோன்றிய அனைத்துலகத் திரவப் பளிங்குச் சங்கத்திற்குச் சந்திரசேகரே முதல் தலைவர்.

கைத்தொழிற் பயனைப் பற்றிச் சொல்லப்புகின் மகிழ்ச்சியும் மனக்குறையும் கலந்தே வரும். 1968இல் அமெரிக்க ஆர்.சி.ஏ. நிறுவனம் திரவப் பளிங்குக் காட்டியை அறிவித்தபின், இத்துறை வாணிகப் பொருளாயிற்று. பெங்களூர்ப் பாரத் இலத்திரனியல் நிறுவனத்தோடு சந்திரசேகரின் ஆய்வுகூடம் கூடி உழைத்ததால், இந்தியாவிலேயே காட்டிகள் செய்யப்பட்டன. ஆயினும் பெருந்தொழில் யப்பானிலும் கொரியாவிலும் வேரூன்றியது. திரவப் பளிங்குத் திரையைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பின் நிறம் மங்கும் குறையைத் தீர்க்க, 1990களில் யப்பானியப் பூஜி நிறுவனம் விற்ற மெல்லிய படலத்தில் அமைந்திருந்தவை வட்டுரு மூலக்கூறுகளே. பெங்களூரில் முதலிற் கண்ட நிலையின் உறவுப்பொருள், பெங்களூரில் விற்ற கணினித் திரைகளுக்கும் கடல்கடந்து வந்து சேர்ந்தது. மூலக்கூற்றுத் தூணின் வழியே மின்னேற்றம் எளிதிற் செல்வதும் பின்னர் அறியப்பட்டது. ஞாயிற்றொளி மின்கலங்களுக்கு அதனைப் பயன்படுத்தும் முயற்சிகள் பல நாடுகளிலும் நடந்துவருகின்றன.

1983இல் றோயல் சங்க அங்கத்துவமும், 1998இற் பத்மபூஷண் விருதும் சந்திரசேகருக்குக் கிடைத்தன. ஓய்வுபெறும் வயதில் ஓயாது, 1991இற் பாரத் இலத்திரனியல் நிறுவனம் யாலஹள்ளியில் அளித்த இடத்தில் திரவப் பளிங்கு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். வெறுங்கட்டடத்தில் ஒரு பகுதியைத் தொடங்குவது அவருக்கு மூன்றாம் முறை. 2003 திசெம்பரில் அண்ணன் இராமசேஷன் மறைந்தார். மூன்று திங்கள் செல்லுமுன், 2004 மார்ச்சு 8ஆம் நாள், சந்திரசேகரும் மறைந்தார். பென்சீன் எசுத்தர்க் கட்டுரையின் மூன்றாம் ஆசிரியராகிய சுரேசு பின்னர் அம்மையத்தின் இயக்குநரானார். மையத்தின் பெயர் இருமுறை மாறி, நுண்பொருளும் மென்சடப்பொருளும் ஒருங்கே ஆராயும் மையம் என 2014 முதல் வழங்குகின்றது.